பிளெண்டர்: பளபளப்பு வந்தாச்சு, செவப்பு எங்கே?

பாளையங்கோட்டை நண்பன் ஒருவன் புதுசாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டுக் கேட்டான்: "கடைச் சாமானுக்குப் படம் போட பிளெண்டர் போதுமாவே, இல்ல காசு குடுத்து வேற வாங்கணுமா?" வாட்ஸ்அப்பில் தட்டத் தட்டப் பதில் நீண்டதால் இங்கே எழுதுகிறேன். பிளெண்டர் இலவச 3டி மென்பொருள். அதில் ஒளியைக் கணக்கிட்டுப் படம் ஆக்கும் (ரெண்டர்) இரண்டு எஞ்சின்களான சைக்கிள்ஸ், ஈவி வித்தியாசமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

என் பிழைப்பில் பாதி அம்பாசமுத்திரம் பக்கத்து மரச் சொப்புச் சாமான். கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் உருகி நிறம் ஏறும். அந்தச் சிவப்பும் மஞ்சளும் அடக்க ஒடுக்கமான நிறங்கள் இல்லை, கண்ணில் வந்து அறையும். கடைக்காரருக்கு அதுதான் பெருமை, எனக்கு அதுதான் தலைவலி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் டிஸ்னியின் பிரெண்ட் பர்லி வெளியிட்ட யோசனையிலிருந்து வந்த பிரின்சிபிள்டு நோடை (பொருளின் மேற்பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று அமைக்கும் பெட்டி) பிளெண்டர் 4.0-ல் திருத்தி எழுதினார்கள். பழைய டுட்டோரியலைப் பார்த்து 'கிளியர்கோட்' எங்கே என்று தேடாதே, மேலே பூசும் பளபளப்புப் படலத்துக்கு இப்போது வெறும் 'கோட்' என்றுதான் பெயர். சொப்புக் குடத்துக்கு நான் வைப்பது: அடியில் அனைசோட்ரோபிக் (வெளிச்சத்தை ஒரு திசையில் இழுக்கும் அமைப்பு) 0.6, அந்தத் திசை குடத்தைச் சுற்றி வர டேன்ஜென்ட் நோடில் ரேடியல் இசட். மேலே கோட் 1, அதன் ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.05. ரெண்டர் முடிந்ததும் குடத்தின் தோளில் இரண்டு வெளிச்சம் விழுந்திருக்கும். ஒன்று கடைசல் கோடுகளோடு இழுபட்டு விசிறியாக விரிந்த மங்கல். அதன் மேலேயே விளக்கின் சதுரம் அப்படியே தெரிகிற கூர்மையான இன்னொன்று. அந்த இழுப்பு கோட் படலத்தைத் தொடாததால் வரும் அழகு இது. அனைசோட்ரோபிக் சைக்கிள்ஸில்தான் வேலை செய்யும், ரெண்டர் நேரத்தைப் பொறுத்துக்கொள். முதல் தடவை பார்த்தபோது விரலால் திரையைத் தடவிப் பார்த்தேன்.

அந்தப் படத்தைத்தான் கடைக்கார அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"சாமான் நல்லாருக்குடே. செவப்பு ஏன் வெளுத்துக் கெடக்கு?"

"லைட்டு அண்ணாச்சி."

"லைட்டா? வெயில்ல காயப் போட்டாலும் எங்க செவப்பு இப்படி ஆகாதுடே."

ஒளிக் கணக்கில் பிழை இல்லை. கணக்கிட்ட ஒளியைத் திரைக்குக் கொண்டுவரும் கடைசிப் படியில்தான் சிவப்பு தொலைகிறது. 2019-ல் பிளெண்டர் 2.80 வந்தபோது அந்தப் படிக்கு ஃபிலிமிக் என்ற முறை டீஃபால்ட் ஆனது. 2023 நவம்பரில் 4.0-லிருந்து ஏஜிஎக்ஸ் என்ற முறை. வெளிச்சம் கூடக் கூட, நிறத்தின் செறிவைக் குறைத்து வெள்ளைப் பக்கம் தள்ளுவது அதன் குணம். நியாயமாகச் சொன்னால் தீ, அந்தி வானம், ஆரஞ்சு விளக்கு எல்லாவற்றுக்கும் அது அருமை. 'ஸ்டாண்டர்ட்' என்ற பழைய முறையில் ஆரஞ்சு திடீரென மஞ்சளுக்குத் தாவி அசிங்கப்படுத்தும். ஆனால் எனக்கு விற்க வேண்டியது அந்தி வானம் இல்லையே! பேஸ் கலரில் தட்டிய ஹெக்ஸ் எண் (நிறத்தின் குறியீடு) படத்தில் வருவதில்லை. பொருளே ஒளிவிடும்படி எமிஷன் 1 வைத்து, ஒரு விளக்கும் இல்லாமல் சோதித்துப் பார், அப்போதும் வராது. ஏஜிஎக்ஸுக்குள் இருக்கும் 'பஞ்சி' லுக் போட்டால் சிவப்பு கொஞ்சம் மீளும், நிழல் கறுத்துப்போகும்.

மருந்து 2024 ஜூலையில் 4.2-ல் வந்துவிட்டது: அதே கடைசிப் படிக்கு க்ரோனோஸ் பிபிஆர் நியூட்ரல் என்ற இன்னொரு முறை. ஆன்லைன் கடைகளில் பொருளின் நிறம் மாறாமல் தெரியவென்றே செய்தது. நிறத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உச்ச வெளிச்சத்தை மட்டும் அமுக்கும். விளக்கு வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே குடத்தை மறுபடி ரெண்டர் போட்டு அனுப்பினேன். "இதான்டே!" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னால் கடைசல் சத்தம்.

அது இருக்கும் இடத்தைப் பார்: ரெண்டர் பிராப்பர்ட்டீஸில் ஆகக் கீழே, கலர் மேனேஜ்மென்ட்டுக்குள், ஒரு டிராப்டவுனில். ஸ்டார்ட்டப் ஃபைலில் மாற்றிச் சேமித்தாலும் புது ஃபைலுக்கு மட்டும்தான் செல்லும். அடுத்தவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் மறுபடி ஏஜிஎக்ஸ். இன்று காலையும் அப்படித்தான், பச்சைச் சொப்படுப்பு ஒன்று வெந்த கீரையாக வந்து நின்றது.

அதனால் இன்றைக்கு பிளெண்டருக்கு மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. காசு கொடுத்து வேறு வாங்கலாமா என்றால், வாங்காதே. அந்தக் காசுக்கு நிறத்தை ஒழுங்காகக் காட்டுகிற மானிட்டர் ஒன்று வாங்கு. கார்டுக்கு முன்னால் அதைத்தான் வாங்கியிருக்கணும். மிச்சத்தை நேரில் திட்டுகிறேன்.