கடை சாட்ஸ்வர்த்தில், முகவரி உம்லாங்காவில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து பூசைப் பொருள் வியாபாரம் நடத்துகிறோம். சாம்பிராணி, விபூதி, விளக்குத் திரி, காவடிக்கு வேண்டிய மணிகள், மஞ்சள் துணி முதலியவற்றை இணையத்தில் ஆர்டர் எடுத்து நாடு முழுவதும் அனுப்புகிறோம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களிலும் புரட்டாசியிலும் மூச்சு விட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் வியாபாரம் நிதானமாகப் போகும். இந்தச் சிறு நிறுவனத்துக்காக டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் மெய்நிகர் முகவரியை, அதாவது நாம் அங்கே குடியிருக்காமல் கடிதங்களை நமக்காக வாங்கி வைக்கும் முகவரியை, 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மாதக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வருகிறோம். கடிதங்களைப் பொறுத்தவரை அது கொடுத்த காசுக்கு மேலாகவே உழைக்கிறது. ஆனால் முகவரி என்பது கடிதத்துக்கு மட்டும் உரியதன்று. சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

வீட்டு முகவரியையே கொடுத்திருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, தென்னாப்பிரிக்காவில் பதிவான ஒவ்வொரு நிறுவனமும் நாட்டுக்குள் ஓர் அலுவலகத்தை வைத்திருந்து அதன் முகவரியை சிஐபிசி என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். அது கதவும் சுவரும் உள்ள இடமாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. அந்தப் பதிவைப் பொதுமக்கள் எவரும் பார்க்கலாம். இணையத்தில் பொருள் விற்பவர்கள், சட்டப்பூர்வமான ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் முகவரியைத் தங்கள் இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டமும் சொல்கிறது. பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டின் வாசலை இப்படி ஊரறியப் பறைசாற்ற எங்களுக்கு மனமில்லை. போதாததற்கு, பெயருக்குப் பதிலாக எண்களால் அழைக்கப்படும் எங்கள் பகுதித் தெருக்களில் புதிதாக வரும் கூரியர் ஓட்டுநர் வழி கேட்டு மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகே வீட்டைக் கண்டுபிடிப்பார்.

தபால் பெட்டியும் எங்களிடம் இருந்தது. 2023 பிப்ரவரியில் தபால் துறை தற்காலிகக் கலைப்பு ஆணைக்கு உள்ளாகி, அதே ஆண்டு ஜூலையில் நொடித்த நிறுவனத்தைக் காப்பாற்றும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் சென்று, பல கிளைகள் மூடப்பட்ட பிறகு தபால் பெட்டியை நம்பி வியாபாரம் செய்ய முடியாது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. நகலெடுக்கும் கடைகளில் 'சூட்' எண் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இங்கே உண்டு. அது முகவரி போலத் தோன்றினாலும், கடிதங்கள் பெரும்பாலும் தபால் துறையின் தனிப் பையில் வந்துதான் அந்தக் கடைக்குச் சேர்கின்றன. ஆகவே தபால் துறையின் தாமதம் அதற்கும் பொருந்தும்.

மெய்நிகர் முகவரியின் அன்றாட நடைமுறை எளிமையானது. கடிதம் வந்ததும் உறையின் படம் மின்னஞ்சலில் வரும். பிரித்து ஸ்கேன் செய்யவா, வீட்டுக்கு அனுப்பவா, வைத்திருக்கவா, கிழித்துப் போடவா என்று நாம் தெரிவிக்க வேண்டும். மாதக் கட்டணத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஸ்கேன்கள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம். வரிக் கடிதங்கள் சார்ஸ் என்னும் வரித் துறையின் ஈ-ஃபைலிங் இணையதளத்திலேயே வந்துவிடுகின்றன. காசோலை இந்த நாட்டில் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு வழக்கொழிந்தது என்பதால், காசோலையை வங்கியில் யார் செலுத்துவது என்ற கேள்வி எங்களுக்கு எழவே இல்லை. எஞ்சுபவை காப்பீட்டுக் கடிதங்கள், வங்கி அனுப்பும் அட்டைகள், வழக்கறிஞர் கடிதங்கள், பிறகு கோயில் கமிட்டிகளின் ஆர்டர்கள். எங்கள் கோயில் கமிட்டிகளில் பல இன்னும் தலைப்புத் தாளில் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட்டு அனுப்புகின்றன. மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று சொன்னால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிதங்கள் ஸ்கேனாக வந்து சேரும்போது, ஊதா முத்திரையின் ஓரம் சற்றுக் கலைந்திருப்பது முதற்கொண்டு தெளிவாகத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தின்போதும் 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதும் சாலைகள் அடைபட்டு நாங்கள் வீட்டைவிட்டு நகர முடியாத நிலையில், அந்த அலுவலகம் திறந்த மறுநாளே தேங்கியிருந்த கடிதங்கள் திரைக்கு வந்துவிட்டன.

இனி, முகவரி எடுக்கும்போது விளம்பரங்கள் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கணக்குகளைப் பார்க்கும் வெருலம் பெரியவர் ஒருவர் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு, "கடிதம் எங்கே வந்தால் என்ன தம்பி, ஷெரீஃப் எங்கே வருவார் என்று முதலில் கேளுங்கள்" என்றார். நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டுவந்து தரும் அலுவலரே இங்கே ஷெரீஃப். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால், பதிவான அலுவலகத்திலோ தொழில் நடக்கும் முதன்மை இடத்திலோ உள்ள பொறுப்பான ஊழியரிடம் ஷெரீஃப் சம்மனைக் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு அப்படி ஓர் ஊழியர் இல்லையென்றால் அந்த அலுவலகத்தின் பிரதான கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம் என்று உயர் நீதிமன்ற விதிகளின் 4-ஆவது விதி அனுமதிக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் எங்கள் ஊழியர் அல்லர். அவர் "அந்த நிறுவனத்தினர் யாரும் இங்கே இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டால், நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குப் பொதுவான ஒரு கண்ணாடிக் கதவில் எங்கள் சம்மன் ஒட்டப்படும். அங்கிருந்து 10 நீதிமன்ற நாட்களுக்குள் வழக்கை எதிர்க்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால் வழக்குத் தொடுத்தவர் ஒருதலைத் தீர்ப்பு கேட்கலாம். சம்மன் சேர்ப்பிக்கப்பட்டதற்கு ஷெரீஃபின் அறிக்கையே போதிய சான்று.

இது கற்பனையான அச்சமன்று. ஃபீனிக்ஸில் தச்சு வேலை செய்யும் எங்கள் உறவினர் ஒருவர் வேறொரு முகவரிச் சேவையைப் பயன்படுத்தியபோது, கதவில் ஒட்டியிருந்த தாளைத் துப்புரவுப் பணியாளர் குப்பையென்று எடுத்துப் போட்டுவிட்டார். வங்கி கடன் மறுத்த பிறகே தம் நிறுவனத்தின் மீது தீர்ப்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதை நீக்கக் கோரி மனுப் போட்டு, வழக்கறிஞருக்குக் கொடுத்த பணம் பல ஆண்டு முகவரிக் கட்டணத்தைவிட அதிகம். நாங்கள் சேவை நிறுவனத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்: எங்கள் பெயருக்கு வரும் நீதிமன்ற ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள இந்த மேசைக்கு அதிகாரம் அளிக்கிறோம், பெற்ற அன்றே ஸ்கேன் செய்து தொலைபேசியிலும் அழைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு ஒரு பெட்டி தயாரிப்பாளருடன் பில் தகராறு ஏற்பட்டு அவர் சம்மன் அனுப்பியபோது, அன்று பிற்பகலே எங்களுக்கு அழைப்பு வந்தது. நேரத்தோடு பதில் தாக்கல் செய்தோம். அந்த ஒரு நாளுக்காகவே இந்தச் சேவையைத் தொடர்கிறேன் என்றும் சொல்லலாம்.

வங்கியில் இந்த முகவரி பாதி வேலைதான் செய்யும். ஃபிகா எனப்படும் நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின் கீழ் வாடிக்கையாளரை அறிய வேண்டிய கடமை வங்கிக்கு இருப்பதால், பதிவு முகவரி, தொழில் நடக்கும் முகவரி, இயக்குநர்களின் வீட்டு முகவரி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார்கள். உம்லாங்கா முகவரிக்கு ஒப்பந்தத்தையும், சரக்கு இருக்கும் இடத்துக்கு வீட்டின் நகராட்சிப் பில்லையும் கொடுத்தோம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் வேலை முடிந்தது. மெய்நிகர் முகவரியையே கடை என்று காட்டப் பார்ப்பவர்கள்தாம் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் வரைபடத்திலும் இதே கதை: சொந்த ஊழியர் வேலை நேரத்தில் இல்லாத மெய்நிகர் அலுவலகத்தைக் கடையாகக் காட்ட அவர்கள் விதி இடம் தராது. சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டி முகவரியை மறைக்கும் வசதியை நாங்கள் பயன்படுத்துகிறோம். நிறுவன ஆவணங்கள் பதிவு அலுவலகத்தில் இல்லாமல் வீட்டில் இருப்பதையும் சிஐபிசிக்கு அதற்குரிய படிவத்தில் தெரிவித்திருக்கிறோம். பலர் இதைச் செய்வதில்லை.

பார்சல்களுக்கு இந்த ஏற்பாடு அறவே ஒத்துவராது. சென்னையிலிருந்து சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர், பில்லில் இருந்த முகவரியைப் பார்த்துத் தாமாகவே ஒரு பெட்டி சாம்பிராணியை உம்லாங்காவுக்கு அனுப்பிவிட்டார். பெட்டியின் ஒரு மூலை கிழிந்திருந்தது. குளிரூட்டிய தபால் அறை முழுவதும் மணக்கிறது, கீழ்த்தளத்து வழக்கறிஞர்கள் புகார் செய்கிறார்கள், தயவுசெய்து இன்றே எடுத்துச் செல்லுங்கள் என்று வரவேற்பாளர் மிகப் பணிவாக அழைத்தார். போய்ப் பார்த்தபோது, வாசனை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனாலும் எடைக்கும் அளவுக்கும் நாட்களுக்கும் சேர்த்து அவர்கள் கேட்ட கையாளுதல் கட்டணம், பொருளின் லாபத்தைத் தின்றுவிட்டது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பொருள்களுக்கும் இது பொருந்தும். இணையத்தில் வாங்கியதைப் பெற்ற 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை பெரும்பாலான பொருள்களுக்கு உண்டு என்பதால், திரும்பி வரும் பெட்டிகளுக்குத் தனி வழி தேவை. இப்போது வீட்டுக்கு அருகில் உள்ள கூரியர் லாக்கர் ஒன்றையே அதற்குக் கொடுக்கிறோம்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களைக் கவனித்துக் கையெழுத்திட வேண்டும். நம் கடிதங்களைப் பிரித்து ஸ்கேன் செய்பவர், போபியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி நமக்காகத் தகவலைக் கையாளும் முகவர் ஆகிறார். பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்த எழுத்து ஒப்பந்தத்தை அவரிடமிருந்து பெறுவது நம் பொறுப்பு. ஸ்கேன்கள் எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்று நாங்கள் கேட்டபோது முதலில் விழித்தார்கள்; பிறகு ஓர் இணைப்பு எழுதித் தந்தார்கள்.

இரண்டாவது, அவர்களே இடம் மாறினால் என்ன ஆகும் என்பது. இது எங்களுக்கு நேர்ந்தது. கட்டட வாடகை உயர்ந்ததால் சேவை நிறுவனம் பக்கத்துத் தெருவுக்குப் பெயர்ந்தது. எங்களுக்கு வந்தது ஒரு மாத அறிவிப்பு. சிஐபிசியில் பதிவு அலுவலக மாற்றத்துக்கான சிஓஆர் 21.1 படிவத்தைத் தாக்கல் செய்தால், மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதி குறைந்தது 5 வேலை நாட்கள் கழிந்ததாக இருக்க வேண்டும். சார்ஸுக்கு 21 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வங்கி, காப்பீடு, இணையதளம், கோயில் கமிட்டிகள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தது. அச்சடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டல லேபிள்கள் ஒரு பெட்டி நிறைய வீணாயின. அடுத்த ஒப்பந்தத்தில், இடம் மாறினால் 3 மாத முன்னறிவிப்பும், பழைய முகவரிக்கு வருவதை 6 மாதங்கள் வாங்கி அனுப்பும் கடமையும் வேண்டும் என்று எழுதி வாங்கினோம். லேபிளில் முகவரியை அச்சிடுவதை விட்டுவிட்டு, மலிவான ரப்பர் முத்திரை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம்.