புதுச்சேரியில் பழைய வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு: கொத்தர் குழு எப்படி?

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதி வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு செய்ய இந்தக் கொத்தர் குழுவைத் தாராளமாக அழைக்கலாம். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைக்கிறார்கள். ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ. கனம்தான். பழைய சிமெண்ட் பூச்சை முதலில் கொத்தி எடுத்துவிடுகிறார்கள். அது இருந்தால் செங்கல்லின் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துச் சுவர் உரியும்.

முகப்பின் அழகு ஊருக்கு ஊர் வேறு. துருக்கியின் சஃப்ரன்போலு என்ற ஊரின் பழைய வீடுகளில் கண் மேலே போகும், தெருப் பக்கம் நீட்டிய மாடிக்கு. கீழே பெரும்பாலும் கல்சுவர். நம் வீடுகளிலோ பார்வை முதலில் தங்குவது திண்ணை நிழலிலும் தாழ்வாரத் தூண்களிலும்தான். தாழ்வாரத்தை கிரில் போட்டு அடைத்தால் முகப்பே செத்துவிடும். இவர்கள் அதைத் திறந்தே வைக்கச் சொல்வது நல்ல விஷயம்.

குறை ஒன்று: தூண் அடியில் கரையான் பார்ப்பதில்லை. தச்சரைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.