பின் சீட் பெல்ட்: ஒன்பது வருடக் கணக்கு

"ரெண்டாவது குழந்தை வரப்போகுதுடா. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையை மூட்டை கட்டிடவா?" என்று நண்பன் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. போனில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் எனக்கே கோபம் வந்து, "எழுதி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு எழுதியதுதான் இது. இதே கேள்வியோடு அலைகிறவர்கள் வேறு பேரும் இருப்பார்கள், படிக்கட்டும்.

என் கார் எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அவர்கள் குணம் எனக்குத் தெரியும். எழுபதுகளின் கூப்பே (இரண்டு கதவு கார்), முன்னால் ஆறு சிலிண்டர், பின்னால் சரிந்து இறங்கும் கண்ணாடி, 2+2 சீட், அதாவது முன்னால் இரண்டு முழு சீட், பின்னால் இரண்டு குட்டி சீட். இவ்வளவு போதும். எஞ்சினும் வேகமும் வாங்க நினைக்கிறவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். நான் பேசப்போவது பின் சீட்டைப் பற்றி, அதிலும் பின் சீட் பெல்ட்டைப் பற்றி.

வாங்கியபோது நாங்கள் இரண்டு பேர்தான். பின் சீட்டில் குடையும் பையும் உட்கார்ந்திருந்தன. "நாளைக்குக் குழந்தை பிறந்தாலும் இடம் இருக்கு பாரு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னவன் நான்தான். அவள் அந்த மெத்தையைச் சாண் வைத்து அளந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

இந்த 2+2 என்பதே தாமதமாக வந்த ஞானம். பல மாடல்கள் முதலில் இரண்டு சீட்டோடு பிறந்தவை. ஜாகுவார் இ-டைப் 1961இல் வந்தது. 1966இல் சக்கர இடைவெளியை 9 அங்குலம் நீட்டி, கூரையையும் கொஞ்சம் உயர்த்தி 2+2 ஆக்கினார்கள். லோட்டஸ் எலான் 1967இல் சக்கர இடைவெளி ஓர் அடி நீண்டு ‘பிளஸ் 2’ ஆனது. மெர்சிடஸ் எஸ்எல், எஸ்எல்சி ஆனபோது 360 மில்லிமீட்டர் கூடியது. டட்சன் 240இசட் இரண்டு பேருக்கான கார். 1974இல் வந்த 260இசட் 2+2வில் 300 மில்லிமீட்டர் கூடுதல். ஓட்டுகிறவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது கம்பெனிகளுக்கும் மெல்ல மெல்லப் புரிந்திருக்கிறது.

ஆனால் அந்த நீட்டல் எல்லாம் காலுக்குத்தான். கூரை சரிந்துகொண்டேதான் வரும். அழகே அந்தச் சரிவுதானே. நடுவில், எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் ஓடும் மேடு. பின்னால் ஆக்சிலும் பெட்ரோல் டேங்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் ஒரு மெத்தையைச் செருகி ‘இருக்கை’ என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் புரிந்தவரை, முதல் 2 ஆள் கணக்கு. இரண்டாவது 2, பிள்ளைகள் அங்கே எத்தனை வருடம் அடங்குவார்கள் என்ற கணக்கு.

பெரியவள் பிறந்து ஒன்றரை வருடம் கார் உறைக்குள் தூங்கியது. பின்பக்கம் பார்த்து உட்காரும் கைக்குழந்தை சீட்டை வைத்துப் பார்த்தோம். முன் சீட்டை டேஷ்போர்டு வரை தள்ளினால்தான் உள்ளே போகிறது. பழைய இடுப்பு பெல்ட் அதைச் சுற்றி வரவும் போதவில்லை. "ஏர்பேக் இல்லாத கார்தானே, முன்னாடியே வெச்சுக்கோ" என்றும் யோசனை சொன்னார்கள். ஏர்பேக் இல்லாததால், அது விரிந்து குழந்தை சீட்டை அடிக்கும் ஆபத்து இல்லை, சரி. என் காரின் கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கம்பியும் இல்லையே. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வீட்டிலிருந்த சாதாரண ஹேட்ச்பேக் அந்தக் காலத்தில் எல்லா வேலையும் பார்த்தது. அதைப் பற்றி யாரும் அனுபவப் பகிர்வு எழுதுவதில்லை, பாவம்.

பிறகு முன்பக்கம் பார்த்து உட்காரும் சீட். குழந்தை சீட்டைச் சட்டென்று கொக்கியில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் 1999இல்தான் சர்வதேசத் தரமாக வந்தது. பழைய காரில் பெல்ட்டால் கட்டுவதுதான் ஒரே வழி. என் காரில் பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் நீளமான பட்டையின் நுனியில் இருந்தது. இழுத்துக் கட்டினால் அது சரியாகக் குழந்தை சீட்டின் சட்ட விளிம்பில் வந்து மடங்கி நின்றது. பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படி மடங்கி நிற்கும் பக்கிள் மோதலில் உடையலாம், திறந்தும்விடலாம். குட்டைப் பட்டையுள்ள பக்கிள் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது.

நாலரை வயதில் அவள் அந்த சீட்டுக்குள் அடங்கவில்லை. அடுத்தது பூஸ்டர், குழந்தையை உயர்த்தி உட்காரவைத்து காரின் பெல்ட்டையே போட வைக்கும் மெத்தை. பூஸ்டருக்கு இடுப்பு பெல்ட் மட்டும் ஆகாது. மோதலில் உடம்பு இரண்டாக மடிந்து பட்டை வயிற்றில் இறங்கும். தோள் பெல்ட் வேண்டும். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959இலேயே கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் அது பின் சீட்டுக்கு வந்து சேர ரொம்ப காலம் பிடித்தது. என் காருக்கு வரவேயில்லை.

சரி என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பின் தூணருகே துளை போட்டு, உள்ளே கெட்டித் தகடு வெல்டு செய்து, பெல்ட்டுக்கென்றே உள்ள 7/16 அங்குல போல்ட்டில், பெல்ட் சுருண்டுகொள்ளும் ரீலை மாட்டினார்கள். வெல்டிங் வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். குறை ரீல் உட்கார்ந்த கோணத்தில் இருந்தது. அது தெரிய எனக்கு நாலு வருடம் ஆனது.

ரீலுக்குள் ஒரு சின்ன எஃகுக் குண்டு கிண்ணம் போன்ற குழியில் உட்கார்ந்திருக்கும்; சிலவற்றில் ஊசல். கார் சடாரென்று நின்றால் குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தள்ளும், அது பல்சக்கரத்தில் விழுந்து பட்டையைப் பூட்டும். கார் சாய்ந்தாலும் இதே கதைதான். ரீலையே சாய்த்து மாட்டினால் குண்டு எப்போதும் பாதி உருண்ட நிலையில் நிற்கும். சமதரையில் பெல்ட் வரும். காரின் மூக்கு கொஞ்சம் தூக்கினால் பூட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு வாசல் சரிவு.

காலை நேரத்தைக் கற்பனை செய்து கொள். கதவைத் திற. முன் சீட்டின் நெம்பை இழு, சாய். குழந்தை ஏறட்டும். தலையை உள்ளே விட்டு, இடுப்பை வளைத்து, பெல்ட்டை இழு. ‘டக்’. மெதுவாக இழு. ‘டக்’. எறும்பு ஊர்வது போல இழு. ‘டக்’. விட்டுவிட்டு காரைச் சமதரைக்கு உருட்டு. இறங்கு, மறுபடி கதவு, நெம்பு, குனி, மாட்டு. இரண்டாவது பிள்ளையும் பின்னால் வந்த பிறகு எல்லாம் இரண்டு தடவை. மழையில் என் முதுகு மட்டும் வெளியே நனைந்துகொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் என் முகத்தைவிட என் முதுகைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

மாட்டிய இடத்தில் இரண்டு முறை கேட்டேன். "பழைய கார் சார், இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பழைய கார்க்காரனை மடக்க இந்த ஒரு வாக்கியம் போதும். எங்களுக்கு அதை நம்புவதில் ஒரு பெருமையும் உண்டு.

போன மாதம் கிளட்ச் வேலைக்காக வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். பேச்சோடு பேச்சாக பெல்ட் கதையைச் சொன்னேன். அவர் ரீல் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நேரா நிக்கறதுக்குச் செஞ்ச ரீல். சாய்வா மாட்டறதுக்குத் தனியா வருதே" என்றார். அந்தக் கோணத்துக்கான ரீல் வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிட்டார். நாலு வருடம்! வரும் வழியில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இதில் காரின் தப்பு எதுவும் இல்லை. திட்டு வாங்கியது மட்டும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எரிச்சல் கணக்கில் வராது. டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் இற்றுப் போயிருந்தால் சைலன்சர் புகை உள்ளே வரும். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை அங்கேயே சுழன்று சந்து வழியாக நுழைகிறது. முன்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பின்னால் இருக்கிற குழந்தை "தலை வலிக்குது" என்று சொல்லும். நாம் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்போம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வாங்கிய அன்றே பீடிங்கை மாற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது எதிர்பாராத விஷயத்துக்கு வருகிறேன். ஹேட்ச்பேக்கில் பிள்ளைகள் ஏதோ தூர தேசத்தில் இருப்பது போல இருப்பார்கள். கண்ணாடியில் பார்த்துத்தான் பேச வேண்டும். இந்தக் காரில் சின்னவன் பேசினால் மூச்சு என் காதில் படும். ரேடியோ சரியாகக் கேட்காது, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும், அதனாலோ என்னவோ நாலு பேரும் இதில்தான் அதிகம் பேசியிருக்கிறோம். பின் பக்கத்துச் சின்னக் கண்ணாடியை விரல் அகலம் வெளியே தள்ளித் திறக்கலாம். அந்தத் தாழ்ப்பாள் பெரியவளின் சொத்து. அவளைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. ஹேட்ச்பேக்கில் ஒரு மணி நேரம் அழும் சின்னவன் இதில் மூன்றாவது கியர் விழுவதற்குள் தூங்கிவிடுவான். எந்தக் கியரில் என்ன சத்தம் என்று இருவருக்கும் தெரியும். நான் தப்பாக மாற்றினால் பின்னாலிருந்து சிரிப்பு வரும்.

இதைப் படித்துவிட்டு நீ விளம்பரம் தேட ஆரம்பித்திருப்பாய். நில். வேறு பழைய கார்களையும் பார்.

போர்ஷே 911, 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டிய காலத்திலிருந்தே பின்னால் இரண்டு குட்டி சீட் உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் பெட்டி படுக்கை முன் பானெட்டுக்குள் போகும், சத்தம் பிள்ளைகளுக்குப் போகும். 1977இல் வந்த 928இல் பின் சீட்காரர்களுக்கும் வெயில் மறைப்பு வைத்தார்கள். அந்த அக்கறைக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை. ரிலையன்ட் சிமிட்டார் ஜிடிஇ (1968) பார்க்க வேன் வாடை அடிக்கும், ஆனால் பின் சீட் தனித்தனியாக மடங்கும். ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காது, அடியில் உள்ள இரும்புச் சட்டம் பிடிக்கும். லம்போர்கினி எஸ்படாவில் நாலு பெரியவர்கள் உட்காரலாம். பன்னிரண்டு சிலிண்டரைக் கட்டி மேய்க்க ஐந்தாவதாக ஒரு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் பிஎம்டபிள்யூ 2002 மாதிரி ஒன்று. அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, இரண்டு கதவு செடான் என்று மூக்கைச் சுளிப்பாய். கூரை நேராக நிற்கிறது, கண்ணாடி உயரமாக இருக்கிறது, பின்னால் சீட் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும் குழந்தையையும் கூட்டிப் போ. பின் சீட்டில் நீயும் ஒருமுறை உட்கார்ந்து பார். உன் தலை எங்கே இடிக்கிறதோ அங்கேதான் உன் பிள்ளையின் எதிர்காலம். கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார். பெல்ட் இல்லாத சில கார்களிலும் அதற்கான திருகுத் துளையைத் தொழிற்சாலையிலேயே விட்டிருப்பார்கள். அது இருந்தால் என் நாலு வருடம் உனக்கு மிச்சம்.

என் காரைப் போன்ற ஒன்றை மட்டும் வாங்காதே. ஒன்பது வருடம் ஓட்டியவன் சொல்கிறேன். என்னுடையதை விற்கிறாயா என்றும் கேட்காதே.

ரீல் மாற்றிய மறுநாள் காலை, வாசல் சரிவிலேயே சோதனை வைத்தோம். சின்னவன் பெல்ட்டை இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. "அப்பா, வந்துடுச்சு!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான். மறுபக்கம் பெரியவள் பூஸ்டரில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உச்சந்தலை கண்ணாடியைத் தொட்டது. குனிந்து பார்த்தாள், சரிந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். அம்மா மாதிரிதான்.

இப்போது அவள் அம்மாவோடு ஹேட்ச்பேக்கில் வருகிறாள். அவள் இடத்தில் சின்னவனின் பை உட்கார்ந்து வருகிறது. அவன் அதற்கும் பெல்ட் போட்டுவிடுகிறான்.