வீட்டுக் கோப்புகளை வீட்டுக்குள்ளேயே ஒத்திசைக்க: சிங்க்திங், நெக்ஸ்ட்கிளவுட், ஆர்சிங்க் ஓர் ஒப்பீடு

வேலூர் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அரிது. அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்வார். பில்களும் மாதிரிப் படங்களும் அவருடைய கைப்பேசியில் இருக்கும். தங்கை காட்பாடியில் படிப்பார். குடியாத்தத்தில் இருக்கும் பெற்றோரின் பட்டா, சிட்டா, மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் ஸ்கேன் நகல்கள் சத்துவாச்சாரி வீட்டு மடிக்கணினியில் கிடக்கும். கூகுள் கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபி இடம் படங்களாலேயே நிரம்பிவிடும் நிலையில், மாதச் சந்தா கட்டாமலும் சொந்த ஆவணங்களை வெளியார் கணினியில் வைக்காமலும் இவற்றை எல்லாக் கருவியிலும் ஒரே நிலையில் வைத்திருக்க, அதாவது ஒத்திசைக்க, என்ன வழி என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இதற்கான மென்பொருள்களை வசதிப் பட்டியல் போட்டு ஒப்பிடுவதால் பயன் குறைவு என்பது என் கருத்து. இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். ஒரே கோப்பை இரண்டு பேர் அவரவர் கருவியில் திருத்துவார்களா? இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் வேளை ஒன்று உண்டா?

பென்டிரைவை இங்கே நீளமாகப் பேசத் தேவையில்லை. எது புதிய நகல் என்பதை மனிதரின் நினைவாற்றலிடம் விட்டுவிடும் முறை அது. பழைய ஃபேட்32 அமைப்பில் இருக்கும் பென்டிரைவ் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கவும் செய்யாது. லோக்கல்சென்ட் போன்ற செயலிகள் ஒரே வைஃபையில் உள்ள கருவிகளுக்கிடையே கோப்பை அனுப்பிக்கொள்ள மிக நல்லவை. ஆனால் அவை அனுப்பும் கருவிகளே தவிர, மாற்றங்களைத் தாமாகக் கவனித்துச் சேர்ப்பவை அல்ல.

ஆர்சிங்க் இந்த வரிசையில் மூத்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராசும் எழுதி 1996ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த நிரல், கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, மறுமுனையில் மாறுபட்டிருக்கும் பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஒரே கணினியில் செருகிய ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது இந்தச் சாமர்த்தியத்துக்கு வேலையில்லை. மாறிய கோப்பை அது முழுமையாகவே எழுதிவிடும். நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. மூலம் எது, நகல் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதை அது எதிர்க்கேள்வி கேட்காமல் செய்துவிடும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் நகலாகும், போடாவிட்டால் கோப்புறையே நகலாகும். மூலத்தில் இல்லாதவற்றை நகலிலும் நீக்கச் சொல்லும் 'டெலிட்' விருப்பத்தோடு இந்தச் சாய்கோட்டுக் குழப்பமும் சேர்ந்தால் விளைவு விபரீதமாகும். மூல டிஸ்க் செருகப்படாமல், அது வந்து அமர வேண்டிய கோப்புறை காலியாக இருக்கும் வேளையில் 'டெலிட்' விருப்பத்தோடு கட்டளையை ஓட்டினால், அந்தக் காலியிடத்தையே மூலமாக எடுத்துக்கொண்டு நகலை அது துடைத்துப்போடும். எதையும் செய்யாமல் என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டும் 'டிரை ரன்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மையாக ஓட்டுவதே முறை. காப்பு நகலுக்கு இதைவிட நம்பகமான கருவியை நான் அறியேன். அன்றாட ஒத்திசைவுக்கு, குறிப்பாகக் கைப்பேசிகள் இருக்கும் வீட்டுக்கு, இது ஏற்றதன்று. இருவழியிலும் இயங்கி, மோதல் வந்தால் நம்மைக் கேட்டு முடிவெடுக்கும் யூனிசன் என்ற நிரலும் உண்டு. இரண்டு கணினிகளுக்கிடையே அது அருமையாக வேலை செய்யும் என்றாலும், கைப்பேசி என்று வந்தவுடன் அதன் எல்லை முடிந்துவிடுகிறது.

உண்மையான போட்டி சிங்க்திங்குக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்கும்தான்.

சிங்க்திங்கை யாக்கப் போரி 2013ஆம் ஆண்டு தொடங்கினார். இதில் நடுநாயகமான சர்வர் கிடையாது. ஒவ்வொரு கருவியும் சரிநிகர். பதிவு செய்யக் கணக்கோ மின்னஞ்சல் முகவரியோ தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் மறையாக்கச் சான்றிதழிலிருந்து உருவாகும் 56 எழுத்துள்ள அடையாளம் ஒன்று உண்டு. ஒரு கருவியின் கியூஆர் குறியீட்டை மற்றொன்றில் ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் மட்டுமே இணைப்பு ஏற்படும். வீட்டு வைஃபையில் அவை ஒன்றையொன்று தாமாகக் கண்டுகொள்ளும். வெளியூரில் இருக்கும்போது கண்டுபிடிக்க உதவும் பொதுச் சர்வர்களும், நேரடி இணைப்பு கிடைக்காதபோது இடையில் நின்று கைமாற்றிவிடும் தன்னார்வலர்களின் ரிலே சர்வர்களும் இருக்கின்றன. ரிலே வழியாகப் போவது மறையாக்கப்பட்ட தரவு என்பதால் இடையில் நிற்பவரால் அதைப் படிக்க இயலாது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் இரண்டையும் அமைப்பில் அணைத்துவிடலாம். அப்போது வீட்டுக்கு வந்த பிறகே ஒத்திசைவு நடக்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும், ஏனெனில் கைப்பேசி எப்படியும் இரவு வீட்டில்தான் சார்ஜ் ஏறும்.

விடுதி அறையிலும், வேலூர் பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகள் போன்ற இடங்களின் பொது வைஃபையிலும், ஒரு வாடிக்கையாளரின் கருவி மற்றவருடையதைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைப்பது பரவலான வழக்கம். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் ஒரே அறையில் இருக்கும் கைப்பேசியும் மடிக்கணினியும்கூட ஒன்றையொன்று கண்டுகொள்ள மாட்டா. அங்கே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி அதில் மடிக்கணினியைச் சேர்த்துக்கொள்வது எளிது.

சிங்க்திங்கின் போக்கை அறிய, மோதலில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு வரவு செலவுக் கோப்பை அண்ணன் கைப்பேசியிலும் தங்கை மடிக்கணினியிலும் இணைப்பில்லாத நேரத்தில் திருத்திவிட்டார்கள் என்று கொள்வோம். மறுபடி இணைந்ததும், கடைசியாகத் திருத்திய நகல் பழைய பெயரிலேயே நிற்கும். மற்றதன் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லும் தேதியும் நேரமும் திருத்திய கருவியின் அடையாளத்தின் முதல் ஏழு எழுத்துகளும் சேர்ந்துகொள்ளும். எதுவும் தொலையாது, ஆனால் யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அப்படியொரு கோப்பு இருப்பதையே கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். கடவுச்சொற்களைக் கீபாஸ் கோப்பில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அந்தக் கோப்பைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி செயலி இரண்டு நகல்களையும் பதிவு பதிவாக ஒப்பிட்டு இணைத்துத் தந்துவிடும். எக்செல் கோப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை.

நீக்கமும் ஒரு மாற்றமே என்பதால் அதுவும் எல்லாக் கருவிக்கும் பயணம் செய்யும். மடிக்கணினிக்குப் போய்விட்டதே என்று நம்பிக் கைப்பேசியில் படங்களை அழித்தால், மடிக்கணினியிலும் அவை அழியும். பழைய பதிப்பைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு, ஆனால் நாமாக இயக்காதவரை அது செயல்படாது. இயக்கினாலும், வேறு கருவியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது பழைய நகலை எடுத்து வைக்கும். நாம் அதே கருவியில் அழித்ததை மீட்டுத் தராது. நீக்கம் பரவும் இந்த இயல்பை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். கேமரா கோப்புறையை இருவழியாக அமைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மடிக்கணினியில் அதிலிருந்து படங்களை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினால், கைப்பேசியில் இடம் தானாகக் காலியாகும்.

ஆண்ட்ராய்டில் அதிகாரபூர்வச் செயலியின் வளர்ச்சி 2024 டிசம்பரோடு நின்றது. அதன் கிளையான சிங்க்திங்-ஃபோர்க், இலவசச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் கைப்பேசிகளில் இதற்கு விலக்கு அளிக்காவிட்டால் ஒத்திசைவு பாதியில் நின்றுவிடும். சார்ஜில் இருக்கும்போதும் வீட்டு வைஃபையில் இருக்கும்போதும் மட்டும் இயங்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஐபோனில் மோபியஸ் சிங்க் என்ற வேறொருவரின் செயலி உண்டு, ஆனால் பின்னணியில் நீண்ட நேரம் இயங்க ஐபோன் விடாது. வீட்டில் பாதிப் பேர் ஐபோன் வைத்திருந்தால் தராசு நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் சாயும்.

இதே வகை மென்பொருளான ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து, பிராங்க் கார்லிட்செக்கின் தலைமையில் 2016ஆம் ஆண்டு உருவான நெக்ஸ்ட்கிளவுட், கோப்பு, காலண்டர், தொடர்பு எண்கள், இணைப்பு வழிப் பகிர்வு என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்த் தருகிறது. நடுவில் ஒரு சர்வர் இருப்பதால், இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கைப்பேசிப் படங்களைத் தானாக ஏற்றும். கைப்பேசியில் எல்லாவற்றையும் இறக்கி வைக்காமல் வேண்டியதை மட்டும் திறந்து பார்க்கவும் விடும். இவற்றில் பெரும்பாலானவை சிங்க்திங்கில் இல்லாத வசதிகள்.

அதற்கான விலையை அந்தச் சர்வரைப் பராமரிப்பவர் கொடுக்கிறார். வலைச் சர்வர், பிஎச்பி என்ற நிரல்மொழி, தரவுத்தளம் மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டுதான் ஆதரவு; மேம்படுத்தும்போது நடுவில் ஒரு பதிப்பையும் தாண்டிச் செல்ல முடியாது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட சர்வரை நடப்புக்குக் கொண்டுவர, படிப்படியாகப் பல முறை மேம்படுத்த வேண்டியிருக்கும். வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை எட்டுவதும் எளிதன்று: பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறையில் வரும் இணைய இணைப்புகளில், ரௌட்டரில் கதவைத் திறந்துவிடுவதால் மட்டும் பயன் இருக்காது. புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 முகவரியோ வேறு சுற்றுவழியோ வேண்டும். இந்த வேலைகளை விரும்பிச் செய்யும் ஒருவர் வீட்டில் இருந்தால் நெக்ஸ்ட்கிளவுட் சிறப்பு. அவர் வேலைக்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விட்டால் அதை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். சிங்க்திங்கைப் பொறுத்தவரை, அமைத்தவர் போய்விட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் எப்போதும் இயங்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தால் வசதி. சிங்க்திங்குக்கு அது கட்டாயம் இல்லை என்றாலும், காலையில் ஒருவரும் இரவில் ஒருவரும் கணினியைத் திறக்கும் வீட்டில் மூன்றாவது கருவிதான் நடுவில் நின்று கைமாற்றித் தரும். பலரும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைப் பரிந்துரைப்பார்கள். வேலூர்க் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மூடிய அலமாரியிலோ சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியிலோ வைத்த பை 4 கருவி, சிப்பின் வெப்பம் 80 டிகிரியை எட்டும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையிலும், திடீரென்று போய்வரும் மின்சாரத்திலும் அதன் மெமரி கார்டு கெடும் அபாயமும் உண்டு. பழைய மடிக்கணினி ஒன்றை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு மூலையில் வைப்பதே மேல் என்பேன். அதன் பேட்டரியே யுபிஎஸ் வேலையைச் செய்துவிடும். பேட்டரி உப்பிப்போன மடிக்கணினியை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 'கோட்டை' என்ற பெயரிலுள்ள 'கோ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோட் இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது: ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் (ே) துணைக்காலையும் (ா) தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வந்தபடியே வைத்துக்கொள்ளும். வேலூர்க் கோட்டையில் எடுத்த படங்களுக்கான கோப்புறை மேக்கிலிருந்து ஆர்சிங்க் வழியாக லினக்ஸுக்குப் போகும்போது, ஏற்கெனவே அங்கே இருக்கும் அதே பெயருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டாவது 'கோட்டை' ஒன்று வந்து நிற்கலாம். ஆர்சிங்கில் இதைச் சீராக்க 'ஐகான்வ்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சிங்க்திங் இயல்பாகவே பெயர்களைச் சீர்படுத்திக்கொள்கிறது. எ, ஏ வரிசைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒ, ஓ, ஔ வரிசைகளுக்கே உண்டு.

தொடர்பு எண்களையும் காலண்டரையும் கோப்பு ஒத்திசைவில் போடக் கூடாது. எல்லா எண்களையும் ஒரே விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து அடுத்த கைப்பேசியில் இறக்கினால் ஒவ்வொரு பெயரும் இரண்டாகும். இதற்கு ராடிகேல் என்ற சிறிய சர்வர் போதும். அது ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனிக் கோப்பாக வைப்பதால், நீங்கள் ஒருவருடைய எண்ணையும் உங்கள் மனைவி இன்னொருவருடைய எண்ணையும் திருத்தினால் மோதல் வராது. ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 செயலி வேண்டும். ஐபோனுக்குத் தனிச் செயலியே தேவையில்லை.

டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை, அது திறந்திருக்கும்போது, மேற்சொன்ன எதிலும் ஒத்திசைக்கக் கூடாது. பாதி எழுதிய நிலையிலுள்ள கோப்பு மறுமுனைக்குப் போய், இரண்டு பக்கமும் கெடும். நாள் முடிவில் மென்பொருளை மூடிவிட்டு, அது தரும் பேக்கப் கோப்பை மட்டும் ஒத்திசைவுக் கோப்புறையில் போடுவதே சரி.

வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வேண்டுமென்றால், சிங்க்திங்கில் 2021ஆம் ஆண்டு சேர்ந்த மறையாக்கப் பெறுநர் வகை இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தமானது. குடியாத்தம் வீட்டில் வைக்கும் பழைய கணினியில் கோப்புகள் மறையாக்கப்பட்ட வடிவிலேயே கிடக்கும். அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் தெரியாது, ஆகவே அது பழுதுபார்க்கும் கடைக்குப் போனாலும் பட்டாவையோ மருத்துவ அறிக்கையையோ யாரும் திறக்க முடியாது. பகிர்வது இந்த ஒரு கோப்புறை என்றாலும், வேறு ஊரில் இருப்பதால் கண்டுபிடிப்புச் சர்வர்களையும் ரிலேக்களையும் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். முதல் நகலை மட்டும் அந்தக் கணினியைச் சத்துவாச்சாரிக்கே கொண்டுவந்து, ரௌட்டரில் லேன் கேபிளால் இணைத்து முடித்துவிட்டுப் பிறகு எடுத்துப் போவது நல்லது. நூற்றுக்கணக்கான ஜிபியை வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தில் தள்ளுவதற்கு நாட்கணக்கில் ஆகிவிடும்.