ஃபைவரும் பயோனியரும்: வன்னியிலிருந்து சேவை விற்க எவ்வளவு உதவின?

2020 மார்ச்சில் கட்டுநாயக்கா விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டதும் இலங்கையின் சேவை வர்த்தகத்தில் முதலில் விழுந்தது, ஆள் வந்தோ போயோ நடக்கிற பகுதி. சுற்றுலா வருமானம் 2019இல் ஏறத்தாழ 360 கோடி டொலர், 2020இல் 68 கோடி. கோப்பு மட்டும் நகருகிற வேலைக்கு மாத்திரம் ஊரடங்கு இல்லை. வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து இளையவர்களுக்கு அதற்குக் கிடைத்த வழி, ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தையில் கடை விரித்து, வெளிநாட்டுக் காசு பெறும் சேவையான பயோனியரில் காசு வாங்குவது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், பெறமுடியாது என்பதால் பயோனியர் இல்லாமல் ஃபைவரால் பயனில்லை.

கணக்கைப் பார்ப்போம். 50 டொலர் ஓர்டரில் ஃபைவர் 20 வீதம் கழித்து 40 தரும். வாடிக்கையாளர் வேலையை ஏற்றபின்னும் 14 நாள் அது தளத்திலேயே கிடக்கும். பயோனியருக்கு மாற்ற ஒரு சிறு கட்டணம், அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு ரூபாயாக எடுக்க அக்காலத்தில் 2 வீதம்வரை. கையில் 39 டொலர் மிஞ்சினால் பெரிது. ஐந்து டொலர் வேலைகளின் காசை உடனுக்குடன் எடுத்தால் கட்டணமே தின்றுவிடும், சேர்த்து எடுக்கவேண்டும். அதற்காகக் கணக்கைத் தூங்கவும் விடக்கூடாது. 12 மாதத்தில் போதிய வரவு இல்லையென்றால் பயோனியர் 29.95 டொலர் ஆண்டுக் கட்டணம் வெட்டும்.

மாதக்கணக்கில் ஒருவருக்கே கணக்கெழுதுகிறவர்களுக்கு, ஃபைவர் போன்ற இன்னொரு தளமான அப்வேர்க் 2023 வரை மலிவாக இருந்தது: ஒரே வாடிக்கையாளரிடம் முதல் 500 டொலருக்கு 20 வீதம், பிறகு 10,000 வரை 10, அதற்குமேல் 5. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்’ என்ற வில்லைகள் வாங்கவேண்டும், ஒன்று 15 சதம்.

கணக்குத் திறக்கும்போது இடறுவது பெரும்பாலும் பெயர். எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு நின்றுவிடும். முதலில் வங்கிக்குப் போய், அடையாள அட்டையில் உள்ள ஒழுங்கிலேயே முழுப்பெயரைப் பதியச்சொல்லி, ஆங்கிலத்தில் வங்கிக் கணக்குக் கூற்று ஒன்று எடுத்துவிட்டுத்தான் பயோனியரைத் தொடவேண்டும். வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத முகவரியையும் அந்தக் கூற்றில் இருக்கிறபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள்.

அடுத்தது இணைப்பு. ஃபைபர் வராத இடத்தில் 4ஜி றவுட்டர்தான். ஏற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் 10 ஜிபி கலியாண வீடியோ ஏற 11 மணித்தியாலம் வேண்டும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. தரம் குறைத்த 480பி மாதிரியை அனுப்பி, திருத்தமெல்லாம் அதிலேயே முடித்து, இறுதிப் பிரதியை மட்டும் இரவு டேட்டாவில் ஏற்றுங்கள். மின்வெட்டுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி போதும். 10 வாட் றவுட்டரை நாலு மணித்தியாலம் தாங்கும், அதற்குமேல் வடித்தால் பற்றரி கெட்டுவிடும். சில றவுட்டர்கள் 9 அல்லது 5 வோல்ட், அடியில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் வயர் கொடுத்தால் புகைதான். 2022 மார்ச் கடைசியில் வந்த 13 மணித்தியால வெட்டுக்கு இந்த ஏற்பாடும் போதாது. அப்படியான நாளில் கெடு முடிய முன்னரே நீடிப்புக் கேளுங்கள். ஓர்டர் ரத்தானால் தளத்தில் உங்கள் மதிப்பு இறங்கும், தேடலில் பின்னுக்குப் போவீர்கள்.

நாடுகளுக்கிடையிலான வர்த்தக உடன்படிக்கைகள் இதற்கு உதவினவா? தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் சேவை வர்த்தக உடன்படிக்கை 2010இல் திம்புவில் கையெழுத்தாகி 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. யார் எந்தத் துறையைத் திறப்பது என்ற அட்டவணைகள் பேச்சிலேயே கிடந்தன. இந்தியாவுடன் 2000இல் தொடங்கிய ஒப்பந்தம் பொருள்களுக்கு மட்டும். சிங்கப்பூருடனானதில் (2018) சேவை அத்தியாயம் உண்டு, ஆனால் கிளிநொச்சியில் சப்டைட்டில் போடுகிற பெடியனுக்கு அதனால் ஒரு சதமும் மிச்சமில்லை. உரிமத்தையும் சந்தை நுழைவையும் பற்றித்தான் உடன்படிக்கைகள் பேசும். இங்கே சிக்கியது காசு வருகிற குழாய். போதாததற்கு, அயலவர் எங்களிடம் வாங்குகிறவர்கள் அல்ல, எங்களோடு போட்டிக்கு நிற்கிறவர்கள். தமிழ் வேலையைச் சென்னையில் இன்னும் மலிவாகச் செய்ய ஆளுண்டு. வன்னிக்கு வாடிக்கை ரொறன்ரோவும் லண்டனும்தான்.

அங்கிருந்து “தம்பி, நேரா அனுப்பிறன், ஃபைவர் ஏன்?” என்று கேட்பார்கள். தளத்தில் பிடித்த வாடிக்கையாளரிடம் வெளியே காசு வாங்கினால் கணக்கே போய்விடும், தளத்தின் செய்திப்பெட்டியில் அதைப் பேசுவதே ஆபத்து. சொந்தத் தொடர்பில் வந்தவர்களைத் தொடக்கத்திலிருந்தே வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 பிற்பகுதியில் டொலர் 200 ரூபாயை ஒட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தபோது வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்தது. பயோனியரில் வந்ததோ வங்கி விலைக்கு. அந்த மாதங்களில் இந்த வழியின் உண்மையான கொமிசன் 20 வீதத்தைவிட அதிகம்.

வீடியோ வெட்டல், படத் திருத்தம், தமிழ் மொழிபெயர்ப்பு தெரிந்தவர்களுக்கு இது தகும். தரவு பதிவது மட்டும் தெரிந்தவர்கள் இதில் இறங்க வேண்டாம், அங்கே விலை ஐந்து டொலரைவிட்டு எழும்பாது.