சிச்சென் இட்சாவா, பலெங்கேயா, டிக்காலா?

மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது சிச்சென் இட்சாவைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் மெக்சிகோவின் கன்கூன் போனபோது அதைப் பார்த்தேன். போன பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குவாத்தமாலா போய் டிக்காலைப் பார்த்தேன். அந்தப் பயணத்துக்கு முன்னால் மெக்சிகோவில் இருக்கும் பலெங்கேயா, டிக்காலா என்று இரண்டு மாதம் மனசு மாறிக்கொண்டே இருந்தது. இத்தனை தூரம் போய் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும் என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் சாய்வு டிக்கால் பக்கம்தான்.

சிற்பம், வரலாறு, யுனெஸ்கோ பட்டியல் என்று பார்த்தால் மூன்றும் சளைத்தவை அல்ல. போய்ச் சேர்வதில் சிச்சென் இட்சா சுலபம். கன்கூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், நல்ல சாலை. பலெங்கேக்கு வியாஎர்மோசா வரை விமானத்தில் போய் அங்கிருந்து இரண்டு மணி நேரம் காரில் போகலாம். மாயா ரயிலும் இப்போது அங்கே நிற்கிறது. டிக்காலுக்கு குவாத்தமாலா சிட்டியிலிருந்து ஃப்ளோரெஸுக்கு ஒரு மணி நேர விமானம், அப்புறம் ஒன்றரை மணி நேரம் சாலை. பெலீஸ் வழியாகவும் எல்லை தாண்டி வரலாம். மூன்றில் அதிகம் மெனக்கெட வேண்டியது டிக்காலுக்குத்தான்.

ஆனாலும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். எந்த நேரத்தில் நீங்கள் அந்த இடத்துக்குள் இருக்க முடியும் என்பது. இதை யோசிக்காமல் போனால் என்ன ஆகும் என்று சிச்சென் இட்சாவில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கன்கூனில் ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் ஒரு நாள் பயணம் பதிவு செய்திருந்தேன். காலை ஏழு மணிக்கு ஏற்றினார்கள். வழியில் ஒரு கைவினைக் கடையில் முக்கால் மணி நேரம், குளிக்க ஒரு செனோட்டேயில், அதாவது சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான இயற்கைக் குளத்தில், ஒரு மணி நேரம், அப்புறம் சாப்பாடு. கோயில் வாசலுக்குப் போகும்போது மணி ஒன்று. அங்கே நுழைவுச்சீட்டே இரண்டு, இரண்டு வரிசை. உள்ளே போனதும் வெட்டவெளிப் புல்தரை, தலைக்கு நேரே வெயில். எல் காஸ்தியோ என்ற பெரிய பிரமிடைச் சுற்றிப் பல நூறு பேர். பாதை நெடுக வியாபாரிகள், ஜாகுவார் உறுமுவதுபோல் ஒலிக்கும் மரக் குழல்களை ஊதி ஊதிக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பிரமிடு லேசுப்பட்டதில்லை. நான்கு பக்கமும் 91 படி, மேலே ஒரு மேடை, ஆக 365. அதன் வயிற்றுக்குள் இன்னும் பழைய பிரமிடு ஒன்று புதைந்திருக்கிறது. படிக்கு எதிரே நின்று கைதட்டினால் கேட்ஸல் பறவையின் கூவல்போல் எதிரொலி வரும். வழிகாட்டி தட்டிக் காட்டினார். பக்கத்தில் இன்னும் ஆறு வழிகாட்டிகள் தட்டிக்கொண்டிருந்ததால் எது எதிரொலி, எது தட்டல் என்றே எனக்குப் பிரியவில்லை. 168 மீட்டர் நீளப் பந்தாட்டக் களம் ஒன்று இருக்கிறது, மாயா உலகிலேயே பெரியது. அதை அரைகுறையாகப் பார்ப்பதற்குள் பேருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதைச் சிச்சென் இட்சாவின் குற்றமாகச் சொல்லமாட்டேன். முந்தின நாளே பக்கத்தில் இருக்கும் வயாதோலித் ஊரில் போய்த் தங்கி, கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைகிறவர்களுக்கு இரண்டு மணி நேர அமைதி கிடைக்கும். கன்கூன் பேருந்துகள் வர நேரமாகும். அப்படிப் போனாலும் பிரமிடின் மேல் ஏற முடியாது. பல வருடமாகவே விடுவதில்லை.

பலெங்கே நான் நேரில் பார்க்காத ஊர். அதனால் அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அங்கே பகால் என்ற அரசன் 615-இல் பன்னிரண்டு வயதில் பட்டமேறி 683 வரை ஆண்டான். அவனுடைய கல்லறை கல்வெட்டுக் கோயிலுக்கு அடியில் இருந்தது. தளக் கல் ஒன்றில் துளைகளைக் கவனித்த தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ் லூயியேர், அதைத் தூக்கி, இடிபாடு நிரப்பி மூடியிருந்த படிக்கட்டை வருடக்கணக்கில் தோண்டி 1952-இல் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த பகாலின் பச்சைக்கல் முகமூடியை மெக்சிகோ சிட்டி அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். திறந்த கண்களோடு இருக்கும் அந்த முகத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தேன். கட்டடக்கலையும் எழுத்தும் உங்களை இழுக்கின்றன என்றால் பலெங்கேயைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். நான் தள்ளிவைத்ததற்குக் காரணம், விடியலுக்கு முன் உள்ளே விடும் வழி எதுவும் எனக்கு அங்கே அகப்படவில்லை என்பதுதான்.

டிக்காலில் அந்த வழி இருக்கிறது. 576 சதுர கிலோமீட்டர் காட்டுப் பூங்கா அது, அதற்குள்ளேயே தங்கும் விடுதிகள் உண்டு. நாங்கள் தங்கிய இடத்தில் இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் கிடையாது, விசிறி நின்றுவிடும். அம்மாவுக்கு அது சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டோம். சூரிய உதயத்துக்கு என்று தனிச் சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஃப்ளோரெஸில் தங்குகிறவர்கள் இதற்காக இரண்டரை, மூன்று மணிக்கே வண்டி ஏற வேண்டும்.

இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முக்கால் மணி நேர நடை. கோயில் 4-க்குப் பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள், கைப்பிடியும் உண்டு. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி வேறு. மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார். சுமார் 65 மீட்டர் உயரக் கோயில் அது. மேலே கல் விளிம்பில் முப்பது பேர் இருந்திருப்போம். வழிகாட்டி டார்ச்சை அணைக்கச் சொன்னார், பேச வேண்டாம் என்றார்.

சூரியன் தெரியவில்லை. ஒரே மூடுபனி. பாதி நாள் இப்படித்தான் இருக்கும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். படத்தில் பார்த்த செந்நிற உதயத்துக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாறலாம். ஆனால் ஐந்தரை மணி வாக்கில் எங்கேயோ கீழே ஒரு ஊளைக் குரங்கு தொடங்கியது. சிங்கம் கர்ஜிப்பதுபோல் அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். அதற்கு இன்னொரு திசையிலிருந்து பதில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு மணி நெருங்கப் பனி கலைந்து, மரத் தலைகளுக்கு மேலே கோயில் 1, 2, 3-இன் முடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இறங்கி வரும் வழியில் மரம் ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். சூயிங்கம் செய்யப் பால் எடுத்த தழும்பு, சிக்கோ சப்போத்தே மரம் என்றார் வழிகாட்டி. அம்மா சட்டென்று நின்றுவிட்டார். “சப்போட்டாவாடா? நம்ம கொல்லையில நிக்கிறதா?” அதேதான். நம் சப்போட்டாவின் பூர்வீகம் அந்தப் பக்கம். டிக்கால் கோயில் வாசல்களின் மேல் உத்தரங்கள் அந்த மரத்தில் செதுக்கியவை. 1200 வருடம் தாண்டியும் உளுக்காத கட்டை. அம்மா தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

பெரிய சதுக்கத்துக்கு வந்தபோது எங்களோடு பத்துப் பேர்கூட இல்லை. கோயில் 1 எதிரே, 47 மீட்டர், செங்குத்து. 562-இல் போரில் தோற்ற பிறகு டிக்காலில் நூறு வருடத்துக்கு மேல் தேதியிட்ட நினைவுக்கல் எதுவும் நாட்டப்படவில்லை. 682-இல் பட்டமேறிய ஹசாவ் சான் கவீல் என்ற அரசன் 695-இல் கலக்முல் என்ற எதிரி நகரத்தைத் தோற்கடித்து ஊரை நிமிர்த்தினான். அவன் கல்லறை அந்தக் கோயிலுக்கு அடியில்தான் கிடைத்தது. இந்தக் கதையை வழிகாட்டி தணிந்த குரலிலேயே சொன்னார். சத்தம் போட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அமைதி. பத்து மணிக்குக் கூட்டம் வந்தது, நாங்கள் மர நிழலிலேயே நடந்து கோயில் 5 பக்கம் போய்விட்டோம். சிச்சென் இட்சாவில் அந்த நிழல் இல்லை.

இரண்டு நாளுக்கு மேல் ஒதுக்க முடியாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் டிக்காலுக்கு மெனக்கெட வேண்டாம். மெக்சிகோவின் மெரிதாவில் தங்கி ஊஷ்மால் என்ற இன்னொரு மாயா இடிபாட்டைப் பார்க்கலாம் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள், சிச்சென் இட்சா அளவுக்குக் கூட்டம் இல்லையாம். மற்றவர்கள் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள், மழை இல்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள். பூங்காவுக்குள்ளேயே இரண்டு இரவு போடுங்கள், ஒரு நாள் பனி மூடினாலும் மறுநாள் விடியல் கையில் இருக்கும். எங்களுக்கு ஒரு இரவுதான் இருந்தது.