மருத்துவமனையில் அட்ரஸபிள் ஃபயர் அலாரம்: சில வருடப் பராமரிப்பில் கண்டது

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பழைய கன்வென்ஷனல் பேனலைக் கழற்றிவிட்டு அட்ரஸபிள் பேனல் மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. எந்த பிராண்ட், எத்தனை லூப் (டிடெக்டர்களை இணைக்கும் கேபிள் வளையம்) என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், அலாரம் அடிக்கும்போது பேனல் திரையில் வரும் அந்த ஒரு வரி.

பழைய பேனலில் 'ஸோன் 4' விளக்கு எரிந்தால் ஒரு மாடி முழுக்கத் தேட வேண்டும். அட்ரஸபிள் பேனலில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் (புகை அல்லது வெப்பத்தை உணரும் கருவி) தனி எண். ஆனால் நிறுவ வந்தவர்கள் ஆட்டோ லேர்ன் (பேனலே டிடெக்டர்களைத் தேடிப் பதிந்துகொள்ளும் வசதி) கொடுத்து, எல்லா டிடெக்டரும் திரையில் வந்ததும் கிளம்பிவிட்டார்கள். 'லூப் 1, டிவைஸ் 34' என்று வந்தால் நடுராத்திரியில் செக்யூரிட்டி எங்கே ஓடுவார்? எலக்ட்ரீசியனும் நானும் மாடி மாடியாகப் போய், ஒவ்வொரு டிடெக்டரிலும் டெஸ்ட் ஸ்ப்ரே அடித்து எண்ணைச் சரிபார்த்தோம். வரைபடத்தில் உள்ள அறை எண்ணை விட்டுவிட்டு, நர்ஸ்கள் சொல்கிற பெயரையே பதிந்தோம்: 'டயாலிசிஸ் பின்பக்க ஸ்டோர்' என்பதுபோல. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருப்பவற்றுக்கு 'சீலிங் மேல்' என்று கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் ஓடிப்போனவர் அறையில் புகை இல்லை என்று திரும்பிவிடுவார்.

லூப் கேபிள் பேனலில் கிளம்பிப் பேனலுக்கே திரும்புகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டு பக்கமிருந்தும் தொடர்பு கிடைப்பதால் எதுவும் விடுபடாது. ஷார்ட் ஆனால்தான், கெட்ட பகுதியை மட்டும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் வேண்டும். ஏசி வேலைக்கு வந்தவர்கள் துளைபோட்டு கேபிளை ஷார்ட் ஆக்கியபோது, இரண்டு ஐசொலேட்டர்களுக்கு இடையே இருந்தவை மட்டும்தான் செயலிழந்தன. போகிற கேபிளையும் திரும்புகிற கேபிளையும் ஒரே ட்ரேயில் போட விடாதீர்கள். ஒரு தீயில் இரண்டும் போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தூசி எச்சரிக்கை. டிடெக்டரின் உள்ளே அழுக்கு சேரச் சேர அளவு ஏறுவதைப் பேனலே காட்டுகிறது. பொய் அலாரம் அடிப்பதற்கு முன்பே கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரம்) அறை நீராவிக்கு இது உதவாது. அங்கே ஸ்மோக் டிடெக்டரை எடுத்துவிட்டு ஹீட் டிடெக்டர் போட்டோம். வகை மாறினால் பேனலிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபால்ட் காட்டும்.

அப்புறம் அலாரம் அடித்ததும் லிஃப்ட் கீழே இறங்குவது, ஏஹெச்யு (ஏசி காற்றை அனுப்பும் இயந்திரம்) நிற்பது, கார்டு வைத்துத் திறக்கும் கதவுகளின் பூட்டு விடுபடுவது. இவற்றைக் காகிதத்தில் டிக் அடிக்காமல் நிஜமாகவே அலாரம் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி இரண்டு 12 வோல்ட், தொடராக 24. மெயினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

ஒரே மனக்குறை, பேனலின் பதிவுகளை மாற்றும் கான்ஃபிகரேஷன் மென்பொருள் டீலர் கையில் இருப்பது. ஒரு வார்டின் பெயரை மாற்றக்கூட ஆள் வரும்வரை காத்திருந்தோம். பாஸ்வேர்டு, கான்ஃபிகரேஷன் பேக்கப் கோப்பு, காஸ் அண்ட் எஃபெக்ட் (எந்த அலாரத்துக்கு எது இயங்க வேண்டும் என்ற) பட்டியல் மூன்றையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். அவை கைக்கு வந்தபிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.